தாங்கப் பழகும் கழுத்து

கழுத்துவலி என்று வீட்டில் ஒருவர் சொன்னால் உடனே கிடைக்கும் அறிவுரைகள் நமக்கெல்லாம் தெரிந்தவைதான். தலையணை வைக்காதே. குனியாதே. குடத்தைத் தூக்காதே. பஸ்ஸில் போனால் பட்டை போட்டுக்கொண்டு போ. எக்ஸ்ரேயில் ‘தேய்மானம்’ என்று எழுதி வந்துவிட்டால் இந்தப் பட்டியல் இன்னும் நீளும். அக்கறையோடு சொல்லப்படுபவைதாம். ஆனால் எல்லாமே கழுத்தைக் குறைவாகப் பயன்படுத்தச் சொல்கின்றன. வலி மூன்று மாதத்தைத் தாண்டினால் மருத்துவர்கள் அதை நாள்பட்ட வலி என்கிறார்கள். அந்தக் கட்டத்துக்குப் பிறகு கழுத்தைப் பொத்திப் பொத்தி வைப்பது பெரும்பாலானவர்களுக்கு உதவுவதில்லை. கழுத்துக்கு வேலை கொடுப்பதுதான் உதவுகிறது. எவ்வளவு வேலை, எந்த மாதிரி வேலை, எத்தனை நாள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள பின்லாந்துக்குப் போக வேண்டும். அங்கே யாரி இலினென் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் நாள்பட்ட கழுத்துவலியுள்ள 180 பெண்களைச் சேர்த்து ஓராண்டு ஆய்வு ஒன்றை நடத்தினார்கள். எல்லோரும் அலுவலக ஊழியர்கள், 25 முதல் 53 வயது வரை உள்ளவர்கள். முடிவுகள் 2003-ஆம் ஆண்டு ‘ஜாமா’ மருத்துவ இதழில் வந்தன.

பெண்களைக் குலுக்கல் முறையில் மூன்று குழுவாகப் பிரித்தார்கள். முதல் குழுவுக்கு வலுப் பயிற்சி. உட்கார்ந்த நிலையில் தலையைச் சுற்றி ரப்பர் பட்டையைக் கட்டி, அதன் இழுவைக்கு எதிராக உடம்பை முன்னால், சாய்வாக இரு பக்கமும், பின்னால் என்று நகர்த்த வேண்டும். கழுத்து மட்டும் அசையாமல் நிமிர்ந்து நிற்க வேண்டும். ஒவ்வொரு திசைக்கும் 15 முறை. ஒருவருடைய கழுத்தால் அதிகபட்சம் எவ்வளவு தள்ள முடியுமோ அதில் 80 சதவீதம் என்பது இலக்கு. ஆண்டுக்கணக்கில் வலியோடு வாழும் பெண்ணிடம் இதைச் சொல்வதற்கே துணிச்சல் வேண்டும். இரண்டாவது குழுவுக்குத் தாக்குப்பிடிக்கும் பயிற்சி. மல்லாந்தும் குப்புறவும் படுத்துத் தலையை மட்டும் தூக்கி இறக்குவது, 20 முறை வீதம் மூன்று சுற்று. இரண்டு குழுவினரும் டம்பெல் வைத்துத் தோளுக்கும் கைக்கும் பயிற்சி செய்தார்கள். வலுக் குழு தன்னால் முடிந்த அதிகபட்ச எடையைத் தூக்கியது. மற்றக் குழுவுக்கு 2 கிலோ டம்பெல். மூன்றாவது, ஒப்பீட்டுக் குழு. அவர்களும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. நடை போன்ற பொதுவான உடற்பயிற்சியும் தசைகளை நீட்டும் பயிற்சியும் செய்யும்படி அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்டிருந்தது.

முதல் இரண்டு குழுவினரும் மறுவாழ்வு மையத்தில் 12 நாள் தங்கிக் கற்றுக்கொண்டார்கள். பிறகு வீட்டிலேயே வாரத்துக்கு மூன்று நாள்.

ஓராண்டு முடிவில், வலி பெருமளவு குறைந்துவிட்டது அல்லது முழுவதும் போய்விட்டது என்று சொன்னவர்கள் வலுக் குழுவில் 73 சதவீதம், தாக்குப்பிடிக்கும் குழுவில் 59 சதவீதம், ஒப்பீட்டுக் குழுவில் 21 சதவீதம். நீட்டல் பயிற்சியும் நடையும் செய்யச் சொல்லப்பட்டவர்களில் ஐந்தில் ஒருவருக்குத்தான் அந்த அளவு நிம்மதி கிடைத்தது. கழுத்துவலிக்கு நம்மில் பலர் செய்யும் ஒரே பயிற்சி தலையை நாலு பக்கமும் சாய்த்து நீட்டுவதுதான் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

அந்த ஆய்வில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது வேறொரு கணக்கு. வலுக் குழுவில் தலையை முன்னால் தள்ளும் வலு 110 சதவீதம் கூடியிருந்தது. அதாவது இரண்டு மடங்குக்கும் மேல். திருப்பும் வலு 76 சதவீதமும், பின்னால் தள்ளும் வலு 69 சதவீதமும் கூடின. தாக்குப்பிடிக்கும் குழுவில் இதே எண்கள் 28, 29, 16 மட்டுமே. வலு கூடியதில் இவ்வளவு பெரிய இடைவெளி இருந்தும், இரண்டு குழுவிலும் வலி குறைந்த அளவில் அவ்வளவு இடைவெளி இல்லை. அப்படியானால் ‘தசை வலுத்தது, அதனால் வலி போனது’ என்று நேர்க்கோட்டில் சொல்லிவிட முடியாது. பயிற்சி வேறு ஏதோ சிலவற்றையும் மாற்றுகிறது. அவை என்ன என்பதற்குச் சற்றுப் பிறகு வருகிறேன்.

மூன்று ஆண்டுகள் கழித்து இதே பெண்களைப் பார்த்தபோதும் கிடைத்த பயன் பெரும்பாலும் நிலைத்திருந்தது.

இந்த வெற்றிக்கு ஒரு மறுபக்கம் உண்டு. அதே 2003-ஆம் ஆண்டில், அதே பின்லாந்திலிருந்து, பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இன்னோர் ஆய்வு வந்தது. அதில் 393 பெண்கள். இவர்களும் அலுவலக ஊழியர்கள். இவர்களுக்கும் நாள்பட்ட கழுத்துவலி. ஒரு குழு லேசான டம்பெல் வைத்துக் கழுத்துக்கும் தோளுக்கும் அசைவுப் பயிற்சி செய்தது. ஒரு குழு உடலைத் தளர்த்தும் பயிற்சி செய்தது. ஒரு குழு வழக்கம்போல் இருந்தது. பன்னிரண்டு வாரப் பயிற்சி, ஓராண்டு கண்காணிப்பு. மூன்று குழுவுக்கும் இடையே வலியில் எந்த வித்தியாசமும் இல்லை.

ஒரே நாடு, ஒரே மாதிரிப் பெண்கள், ஒரே தொல்லை. ஒன்றில் நல்ல பலன், மற்றதில் ஒன்றுமே இல்லை. ‘உடற்பயிற்சி செய்யுங்கள்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது ஏன் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் பார்த்ததில்லை. மருந்துக்கு அளவு உண்டு என்பதை எல்லோரும் ஏற்றுக்கொள்கிறோம். பயிற்சிக்கும் அளவு உண்டு. வெற்றிபெற்ற ஆய்வில் பளு கனமாக இருந்தது. கழுத்துத் தசைகளையே குறிவைத்தது. ஆண்டு முழுவதும் தொடர்ந்தது. தொடக்கத்தில் 12 நாள் பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுக்க ஆள் இருந்தார்கள். இதில் எது எவ்வளவு பங்காற்றியது என்று பிரித்துச் சொல்ல முடியாவிட்டாலும், லேசாக, கொஞ்ச காலம் மட்டும் செய்வது போதாது என்று முடிவுக்கு வரலாம்.

*

இனி கழுத்துக்குள் போகலாம்.

மனிதத் தலையின் எடை சுமார் 5 கிலோ. அதைத் தாங்குவது ஏழு எலும்புகள். (ஒட்டகச்சிவிங்கியின் நீண்ட கழுத்திலும் ஏழுதான். பாலூட்டிகளில் ஸ்லாத்தும் கடற்பசுவில் ஒரு வகையும்தான் இந்தக் கணக்குக்கு முக்கியமான விதிவிலக்குகள்.) மேலிருந்து முதல் இரண்டு எலும்புகளின் வடிவமே தனி. ‘ஆமாம்’ என்று தலையசைப்பது பெரிதும் மண்டையோட்டுக்கும் முதல் எலும்புக்கும் இடையே நடக்கிறது. ‘இல்லை’ என்று தலையைத் திருப்புவதில் ஏறத்தாழப் பாதி, முதல் எலும்புக்கும் இரண்டாவதுக்கும் இடையிலுள்ள மூட்டில் நடக்கிறது. கீழே உள்ள எலும்புகள் மீதியைப் பகிர்ந்துகொள்கின்றன.

தசைகளை இரண்டு வகையாகப் பிரித்துப் பார்ப்பது நல்லது. ஒரு பக்கமாகத் தலையைத் திருப்பிக் கண்ணாடியில் பார்த்தால், காதுக்குப் பின்னாலிருந்து நெஞ்செலும்புக்குச் சாய்வாக ஓடும் தடித்த தசை தெரியும். ஸ்டெர்னோக்ளைடோமாஸ்டாய்டு என்பது அதன் பெயர். இது வெளித் தசை, நீளமானது, தலையைப் பெரிதாக அசைக்கக்கூடியது. உள்ளே, தொண்டைக்கு நேர் பின்னால், எலும்போடு எலும்பாக ஒட்டியபடி லாங்கஸ் கோலை, லாங்கஸ் கேப்பிடிஸ் என்று இரண்டு சிறிய தசைகள் இருக்கின்றன. தேரை இழுக்கும் வடம் வேறு, தேரின் சட்டங்களை ஒன்றோடொன்று பிணைத்திருக்கும் ஆப்புகள் வேறு அல்லவா? வெளித் தசைகள் வடம் என்றால் இந்த உள் தசைகள் ஆப்புகள். ஆப்பு தளர்ந்த தேரில் வடத்தை எவ்வளவு பலமாக இழுத்தாலும் தேர் ஆடத்தான் செய்யும்.

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத்தில், குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில், க்வென்டலன் ஜல் என்ற பிசியோதெரபிப் பேராசிரியர் தம் வாழ்நாள் உழைப்பில் பெரும்பகுதியை இந்த உள் தசைகளுக்குக் கொடுத்தார். கழுத்துவலி உள்ளவர்களுக்கு இவை சரியாக வேலை செய்வதில்லை என்பது அவருடைய ஐயம். அதை நிரூபிப்பதில்தான் சிக்கல். வெளித் தசையின் மின்துடிப்பைத் தோல்மேல் மின்முனையை ஒட்டி அளந்துவிடலாம். தொண்டைக்குப் பின்னால் ஒளிந்திருப்பதை எப்படி அளப்பது? அவருடைய குழுவில் இருந்த டெபோரா ஃபால்லா ஒரு வழி கண்டார். மெல்லிய குழாயில் பொருத்திய மின்முனையை மூக்கு வழியாக உள்ளே செலுத்தி, தொண்டையின் பின்சுவரில் உறிஞ்சு விசையால் ஒட்டிக்கொள்ளச் செய்தார். அந்தச் சுவருக்கு அடுத்தாற்போல் இருப்பவை இந்தத் தசைகள்தாம். நாள்பட்ட கழுத்துவலி உள்ள 10 பேரும் வலி இல்லாத 10 பேரும் மூக்கில் குழாயோடு படுத்து மெல்லத் தலையசைத்தார்கள். வலி உள்ளவர்களின் உள் தசைகள் குறைவாகவே துடித்தன. 2004-இல் இது வெளியானது. ஆட்கள் குறைவுதான், ஆனால் இவ்வளவு தொல்லையான சோதனைக்கு இருபது பேர் சம்மதித்தார்கள் என்பதே பெரிது.

இந்தத் தசைகளைச் சோதிக்க ஜல் வகுத்த முறை இன்று உலகெங்கும் பிசியோதெரபிஸ்ட்களின் கையில் இருக்கிறது. நோயாளி மல்லாந்து படுப்பார். பிடரிக்கு அடியில் காற்றுப் பை ஒன்றை வைத்து, அழுத்தம் 20 மில்லிமீட்டர் பாதரசம் வருமளவு ஊதுவார்கள். பி.பி. பார்க்கும் கருவியில் இருப்பது போன்ற அளவுமானி நோயாளியின் கண்ணுக்கு எதிரே இருக்கும். தலையைத் தூக்காமல், மோவாயை மட்டும் ‘ஆமாம்’ என்பதுபோல் மெல்ல இறக்க வேண்டும். உள் தசைகள் சுருங்கும்போது கழுத்தின் வளைவு லேசாக நேராகி, பையை அழுத்தும். முள் 22-க்குப் போக வேண்டும். அங்கேயே நிற்க வேண்டும். பிறகு 24, 26, 28, 30. ஒவ்வொரு படியிலும் முள்ளை ஆடாமல் 10 வினாடி வைத்திருக்க முடிகிறதா என்பதுதான் கேள்வி. கழுத்துவலிக்காரர்கள் பலருக்கு 24-ஐத் தாண்டும்போதே முள் நடுங்கும், அல்லது முன்கழுத்தில் அந்தத் தடித்த வெளித் தசை விம்மி எழும். உள்ளே இருப்பவை செய்ய முடியாததை வெளியே இருப்பது இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கிறது என்று அதற்குப் பொருள்.

சோதனையே பயிற்சியும் ஆகிறது. தடுமாறாமல் செய்ய முடிகிற படியில் 10 வினாடி வீதம் 10 முறை. அது எளிதானதும் அடுத்த படி. பார்ப்பவருக்கு ஒன்றுமே நடக்காததுபோல் தோன்றும் பயிற்சி இது. வியர்க்காது. அதனாலேயே பலர் இதை மதிப்பதில்லை. ஆனால் 2002-இல் ஜல் நடத்திய ஆய்வு அப்படி ஒதுக்கிவிடக் கூடியதல்ல. கழுத்திலிருந்து கிளம்பும் தலைவலி உள்ள 200 பேரை நான்காகப் பிரித்தார். கழுத்து மூட்டுகளைக் கையால் அசைத்துச் செய்யும் சிகிச்சை ஒரு குழுவுக்கு, இந்த வகைப் பயிற்சி ஒரு குழுவுக்கு, இரண்டும் ஒரு குழுவுக்கு, எதுவும் இல்லாமல் ஒரு குழு. சிகிச்சை ஆறு வாரம். கையால் செய்த சிகிச்சையும் பயிற்சியும் தனித்தனியாகவே தலைவலியைக் குறைத்தன; ஓராண்டு கழித்தும் அந்தப் பயன் இருந்தது.

*

கழுத்துவலி என்று நாம் சொல்வதில் பாதி உண்மையில் தோள்பட்டை வலி. பிடரியிலிருந்து தோள் முனை வரை விரியும் ட்ரெபீசியஸ் தசையில்தான் பலர் கைவைத்துக் காட்டுவார்கள். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து வேலை செய்பவர்களுக்கு இங்கே ஏன் வலிக்க வேண்டும்? தட்டச்சு செய்வதற்கு ஒரு பலமும் வேண்டியதில்லையே?

ஸ்வீடனைச் சேர்ந்த யோரன் ஹாக் 1991-இல் ஒரு விளக்கம் சொன்னார். எந்த வேலைக்கும் தசையில் முதலில் எழுப்பப்படுபவை சிறிய இழைகள். கடைசியில் ஓய்வுக்குப் போகிறவையும் அவைதாம். வேலை எவ்வளவு லேசானதாக இருந்தாலும் அவற்றுக்கு விடுப்பு இல்லை. காலையில் முதலாவதாக எழுந்து இரவில் கடைசியாகப் படுக்கும் கதைப் பெண்ணின் நினைவாக இவற்றுக்கு ‘சிண்ட்ரெல்லா இழைகள்’ என்று பெயர் வந்தது. இது இன்னும் ஒரு கருதுகோள்தான். ஆனால் கனமான சுமை தூக்காத கழுத்துக்கும் ஏன் இவ்வளவு வலி என்ற புதிருக்கு இது பொருந்தி வருகிறது. நாள் முழுவதும் ஓயாத சிறு வேலை வேறு, சில நிமிடம் கனமாக இழுத்துவிட்டு ஓய்வெடுப்பது வேறு. முன்னது சில இழைகளை மட்டும் சோர்வடையச் செய்கிறது. பின்னது தசை முழுவதையும் எழுப்பி, பிறகு முழுவதையும் ஓயவிடுகிறது.

டென்மார்க்கின் ஆய்வாளர்கள் இந்தத் தசையின் மீது நேராகப் பளுவை ஏற்றிப் பார்த்தார்கள். லார்ஸ் ஆண்டர்சனின் குழு 2008-இல் வெளியிட்ட ஆய்வில், ட்ரெபீசியஸ் தசையில் நாள்பட்ட வலியுள்ள 48 பெண்கள் பங்கேற்றார்கள். ஒரு குழு டம்பெல் வைத்துத் தோளைக் காது நோக்கி உயர்த்துவது, கையைப் பக்கவாட்டில் தூக்குவது போன்ற ஐந்து வலுப் பயிற்சிகளைச் செய்தது. இன்னொரு குழு சைக்கிள் மிதித்தது. இரண்டும் வாரத்துக்கு மூன்று நாள், 20 நிமிடம், 10 வாரம். சைக்கிள் மிதித்தவர்களுக்கு மிதித்து முடித்த கையோடு வலி கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். டம்பெல் தூக்கியவர்களுக்கு வலி வாரத்துக்கு வாரம் இறங்கி, பயிற்சியை நிறுத்திய பிறகும் ஏறாமல் இருந்தது. வலிக்கிற தசைக்கே வேலை கொடுக்க வேண்டியிருந்தது.

அவர்களே 2011-இல் செய்த இன்னோர் ஆய்வு, நேரமில்லை என்று சொல்கிறவர்களுக்கானது. 198 அலுவலக ஊழியர்கள். ஒரு குழுவுக்குத் தினம் 12 நிமிடப் பயிற்சி, ஒரு குழுவுக்குத் தினம் வெறும் 2 நிமிடம். மூன்றாவது குழுவுக்குப் பயிற்சி இல்லை. வாரத்துக்கு ஐந்து நாள், 10 வாரம். பயிற்சி ஒன்றே ஒன்றுதான்: ரப்பர் பட்டையைக் காலால் மிதித்துக்கொண்டு, இரு கையையும் பக்கவாட்டில் தோள் உயரத்துக்குத் தூக்கி இறக்குவது. பட்டை எளிதானால் அடுத்த கெட்டியான பட்டை. பத்துப் புள்ளி அளவுகோலில், ஒப்பீட்டுக் குழுவைவிட 2 நிமிடக் குழுவுக்கு 1.4 புள்ளியும் 12 நிமிடக் குழுவுக்கு 1.9 புள்ளியும் வலி கூடுதலாகக் குறைந்தது. ஆறு மடங்கு நேரம் செலவழித்துக் கிடைத்த கூடுதல் பயன் அரைப் புள்ளி! தினம் இரண்டு நிமிடத்தை எவராலும் ஒதுக்க முடியும். கடையில் நிற்பவர், தறியில் உட்காருபவர், ஆசிரியர், தையல்காரர் என்று எவருக்கும் இது எட்டாத ஒன்றல்ல. ஒரு ரப்பர் பட்டையின் விலை ஓர் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் விலையில் சிறு துளி.

*

ஸ்கேன் பேச்சு வந்ததால் இதைச் சொல்லியாக வேண்டும். ‘டிஸ்க் பல்ஜ்’ என்ற சொல் எத்தனையோ பேரின் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது. ஜப்பானில், கழுத்தில் எந்தத் தொல்லையும் இல்லாத 1,211 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள், முடிவு 2015-இல் வெளியானது. அவர்களில் 87.6 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுங்கியிருந்தது. இருபது வயதுகளில் இருந்தவர்களிலேயே பெரும்பாலோருக்கு இருந்தது. தேய்மானமும் பிதுக்கமும் இருக்கின்றன என்பதாலேயே வலி அங்கிருந்துதான் வருகிறது என்று சொல்ல முடியாது. அந்தப் படத்தைப் பார்த்துப் பயந்து கழுத்தை அசைக்காமல் வைத்துக்கொள்வதால் வரும் கேடு, பல நேரம் பிதுக்கத்தால் வரும் கேட்டைவிடப் பெரிது.

போனைக் குனிந்து பார்த்தால் கழுத்தில் 27 கிலோ பாரம் ஏறும் என்ற செய்தியையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். அது 2014-இல் வெளியான ஒரு கணினி மாதிரியின் கணக்கு. யாருடைய கழுத்திலும் அளந்ததல்ல. பிரேசிலில் 18 முதல் 21 வயதுள்ள 150 பேரை ஆராய்ந்தபோது, போனைக் குனிந்து பார்க்கும் விதத்துக்கும் கழுத்துவலிக்கும் தொடர்பு தெரியவில்லை. ஒரே நிலையில் மணிக்கணக்கில் இருப்பது தவறு என்பதை ஏற்கிறேன். குனிவதே தவறு என்று பிள்ளைகளைப் பயமுறுத்துவதை ஏற்க முடியவில்லை.

பயம் ஏன் இவ்வளவு முக்கியம்? பின்லாந்து ஆய்வில் விட்டுவைத்த கேள்விக்கான விடையில் ஒரு பகுதி இங்கே இருக்கிறது. நாள்பட்ட வலியில் நரம்பு மண்டலத்தின் எச்சரிக்கை மணி சிறு அழுத்தத்துக்கும் அலறும்படி ஆகிவிடுகிறது. வலிக்குமோ என்ற எதிர்பார்ப்பில் வெளித் தசைகள் முன்கூட்டியே இறுகுகின்றன. உள் தசைகள் பின்வாங்குகின்றன. படிப்படியாகப் பளுவை ஏற்றும்போது, ஒவ்வொரு முறையும் கழுத்து அசைந்தும் கெடுதல் எதுவும் நடக்கவில்லை என்ற செய்தி மூளைக்குப் போகிறது. தசையில் ரத்த ஓட்டம் மாறுகிறது; அழுத்தத்தைத் தாங்கும் அளவு உயர்கிறது; திரும்பிப் பார்க்கவே தயங்கியவர் வண்டியை ரிவர்ஸ் எடுக்கிறார். வலு கூடுவதும் வலி குறைவதும் ஒன்றாக நடந்தாலும், ஒன்றே மற்றொன்றுக்கு முழுக் காரணம் அல்ல.

இதில் அதிகம் பேசப்படாத இன்னொரு பகுதி, தலை எங்கே இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்வு. பிடரியின் மேல்பகுதியிலுள்ள சிறு தசைகளில் இந்த உணர்விகள் நெருக்கமாக இருக்கின்றன. பிரான்ஸைச் சேர்ந்த மிஷேல் ரெவெல் 1991-இல் ஒரு சோதனை சொன்னார். தலையில் ஒரு விளக்கைக் கட்டி, 90 சென்டிமீட்டர் தள்ளியுள்ள சுவரில் ஒளிப்புள்ளி விழச் செய்து, கண்ணைக் கட்டிவிடுவார்கள். தலையைத் திருப்பிவிட்டு மறுபடி பழைய இடத்துக்கே கொண்டுவர வேண்டும். புள்ளி ஏறத்தாழ 7 சென்டிமீட்டருக்கு மேல் விலகினால் அந்த உணர்வு பிசகியிருக்கிறது என்று பொருள். கழுத்துவலியோடு தலைசுற்றல் போன்ற நிதானமின்மையும் இருப்பவர்களிடம் இதைப் பார்ப்பது பயனுள்ளது. 1994-இல் அவர் 60 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவிடம் மட்டும் கண்ணை ஒரு புள்ளியில் நிறுத்தித் தலையைத் திருப்புவது போன்ற பயிற்சிகளை எட்டு வாரம் செய்வித்தபோது, அவர்களுக்குப் பிசகும் குறைந்தது, வலியும் குறைந்தது.

*

பயிற்சி எல்லோருக்கும் பலிக்கும் என்று சொல்லிவிட எனக்கும் ஆசைதான். உண்மை அப்படி இல்லை. வாகன விபத்தில் கழுத்து சுண்டி இழுக்கப்பட்டு, அதன் பின் வலி நாள்பட்டுப்போன 172 பேரை வைத்து ஆஸ்திரேலியாவில் ஓர் ஆய்வு நடந்தது. ஒரு குழுவுக்கு 20 அமர்வுகள் கொண்ட விரிவான பயிற்சித் திட்டம். மற்றக் குழுவுக்கு அரைமணி நேர ஆலோசனை ஒரே ஒரு தடவை. வேண்டுமானால் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளலாம். 2014-இல் ‘லான்செட்’ இதழில் வந்த முடிவு: இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. விபத்தின் வலி தனி வகை. அதற்கு இன்னும் நல்ல விடை வேண்டும்.

எந்தப் பயிற்சி சிறந்தது என்ற சண்டைக்கும் ஓரளவு முடிவு வந்திருக்கிறது. 40 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து அலசிய ஒரு கட்டுரை 2021-இல் வெளியானது. உள் தசைப் பயிற்சி, வலுப் பயிற்சி, யோகா–தாய்ச்சி வகைப் பயிற்சிகள் ஆகியவை எதுவும் செய்யாமல் இருப்பதைவிட மேல். ஆனால் இவற்றில் ஒன்று மற்றதைவிட மேல் என்று சொல்லச் சான்று இல்லை. ஆகவே உங்களால் விடாமல் செய்ய முடிகிறதைத் தேர்ந்தெடுங்கள். யோகா பிடிக்குமென்றால் யோகா. ஜிம்முக்குப் போவது வழக்கமென்றால் டம்பெல். நீட்டல் மட்டும் போதாது என்பதை மறக்க வேண்டாம்.

கழுத்துப் பட்டைக்கும் ஓர் இடம் உண்டு. நரம்பு நசுங்கிக் கைக்கு இறங்கும் வலி புதிதாக வந்தவர்களுக்கு, சில வாரம் மட்டும் பட்டை போட்டு ஓய்வெடுப்பது உதவியது என்று நெதர்லாந்தில் 2009-இல் வெளியான ஆய்வு காட்டியது. அதே ஆய்வில் பயிற்சியும் உதவியது. வருடக்கணக்கில் பட்டையோடு நடமாடுவதற்கு இது நியாயம் ஆகாது.

எவ்வளவு வலியோடு பயிற்சி செய்யலாம் என்று கேட்பார்கள். பிசியோதெரபிஸ்ட்கள் பலர் பின்பற்றும் அளவு இது: செய்யும்போது பத்துக்கு மூன்று, நான்கு வரை வலி கூடலாம், மறுநாளுக்குள் பழைய நிலைக்கு இறங்கிவிட வேண்டும். இறங்கவில்லையென்றால் பளுவைக் குறைக்க வேண்டும், பயிற்சியை நிறுத்த வேண்டியதில்லை. முதல் இரண்டு மூன்று வாரத்தில் மாற்றம் தெரியாமல் போவது இயல்பு. இந்த ஆய்வுகளெல்லாம் 6 வாரம், 10 வாரம், ஓராண்டு என்று பேசுகின்றன. யாரும் பத்து நாளில் முடிவு சொல்லவில்லை.

சில அறிகுறிகள் இருந்தால் பயிற்சிக்கு முன் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். சட்டைப் பொத்தான் போடத் தடுமாறும் கை, நடையில் தள்ளாட்டம், சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போவது, கையின் வலு நாளுக்கு நாள் குறைவது, காய்ச்சலும் காரணமில்லாத எடைக் குறைவும், முன்பு புற்றுநோய் இருந்தது, விழுந்தோ அடிபட்டோ வந்த வலி, முடக்குவாதம், திடீரென்று வரும் கடுமையான கழுத்துவலியோடு இரட்டைப் பார்வை அல்லது விழுங்கச் சிரமம். இவற்றில் எதுவும் வீட்டில் வைத்துச் சமாளிக்கக்கூடியதல்ல.

உலகில் 2020-ஆம் ஆண்டு சுமார் 20 கோடிப் பேருக்குக் கழுத்துவலி இருந்ததாக ஒரு சர்வதேச மதிப்பீடு கூறுகிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அறுவை சிகிச்சை தேவைப்படாது. நம் ஊரில் இவர்கள் பிசியோதெரபி என்ற பெயரில் பெறுவது பல இடங்களில் பத்து நாள் ‘கரண்ட் வைப்பது’ மட்டுமே. படுக்க வைத்து, மின்முனையை ஒட்டி, ஒத்தடம் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அது இதமாக இருக்கும். ஆனால் நாள்பட்ட கழுத்துவலியை அது மாற்றும் என்பதற்கு நம்பத்தக்க சான்று மிகக் குறைவு. நாலரை ஆண்டு படித்துப் பட்டம் பெற்ற ஒரு பிசியோதெரபிஸ்ட்டால் கொடுக்க முடிவது அதைவிட எவ்வளவோ அதிகம். நாம் கேட்காததால் கிடைக்காமல் போகிறது.

அதனால் அடுத்த முறை போகும்போது கேளுங்கள். என் கழுத்துக்கு என்ன பயிற்சி? எத்தனை முறை? இப்போது எவ்வளவு பளு, எப்போது கூட்டப்போகிறீர்கள்? நான் சரியாகச் செய்கிறேனா என்று எந்தத் தேதியில் பார்ப்பீர்கள்? இந்த நான்கு கேள்விக்கும் பதிலை எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள்.